நான்கு கிரவுண்டுக்கு ஓர் உயரம்

சென்னைப் புறநகரில் மனை வாங்கப் போகிறவர் சரிபார்க்க வேண்டிய காகிதங்களுக்குக் குறைவில்லை. தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அப்ரூவல், ரெரா பதிவு எண், கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் எழுதித் தரும் கருத்துரை. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற ஒரே கேள்விக்கு இத்தனை சான்றுகள். ஐப்பசி, கார்த்திகையில் அந்த நிலத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கேள்விக்கு அந்தக் கட்டில் ஒரு தாள்கூட இருக்காது. அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தரகர் கூடவே நின்றால் அதுவும் நடக்காது.

தகவலே இல்லாததால் வந்த குறை அல்ல இது. தரையின் உயரம், கடந்த நாற்பது ஆண்டுகளில் ஓரிடத்தில் தண்ணீர் தெரிந்த மாதங்கள், அரை மணிக்கு ஒருமுறை கணிக்கப்படும் மழையளவு, கட்டடங்களின் வெளிக்கோடு, வயலா காடா ஊரா என்ற நிலவகை என எல்லாமே இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இவற்றுக்குத் திறந்த புவிசார் தரவு என்று பெயர். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தன் வேலைக்குப் பயன்படுத்தலாம், அதிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்து பிறருக்கும் கொடுக்கலாம். எந்த அலுவலகத்திலும் மனு போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு மாவட்டத்தின், ஓர் ஆற்றுப்படுகையின் நிலப்பயன்பாட்டையும் பேரிடர்த் தடுப்பையும் திட்டமிட இவை போதுமா? பாதி வேலைக்குப் போதும். அது எந்தப் பாதி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வரைபடம் போடுகிறவர்களும், இவை எதையும் பார்க்காமலே லேஅவுட் போடுகிறவர்களும் ஒரே தவறைத்தான் இரண்டு பக்கமிருந்து செய்கிறார்கள்.

விலை போய்ப் பயன் வந்த கதை

அமெரிக்கா 1972 ஜூலையில் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அன்றுமுதல் அந்த வரிசை அறுந்துபோகாமல் பூமியைப் படமெடுத்து வருகிறது. ஒரு படம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தை அடக்கும். ஆனால் 2000-களின் தொடக்கத்தில்கூட லேண்ட்சாட் 7 எடுத்த ஒரு படத்தின் விலை 600 டாலர். ஒரு நகரம் இருபது ஆண்டுகளில் எப்படி வளர்ந்தது என்று பார்க்க நினைக்கும் பல்கலைக்கழக ஆய்வாளர் இரண்டு மூன்று படங்களை மட்டும் பொறுக்கி வாங்குவார். நடுவில் என்ன நடந்தது என்பது ஊகம்தான்.

2008-இல் அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை அந்தக் காப்பகத்தை முழுவதுமாக இலவசமாக்குவதாக அறிவித்தது. அதற்கு முன் நாளொன்றுக்குச் சராசரியாக 53 படங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன. சில ஆண்டுகளில் அது 5,700 ஆனது. எண்ணிக்கையைவிட முக்கியம், வேலையின் தன்மையே மாறியதுதான். ஒரு படத்தைப் பார்ப்பது போய், ஒரே இடத்தின் நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாக அடுக்கி மாற்றத்தைக் கணக்கிடுவது சாத்தியமானது. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டம் தொடக்கத்திலிருந்தே இலவசம். 2014-இல் முதல் சென்டினல்-1, 2015-இல் முதல் சென்டினல்-2 விண்ணுக்குப் போயின. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஓரிடத்தைத் திரும்பப் பார்க்கின்றன.

நம் நாட்டில் இந்தக் கதவு மெதுவாகத்தான் திறந்தது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைதான் இந்தியாவின் நவீன வரைபடங்களுக்கு அடிப்படை. ஆனால் அப்படி உருவான வரைபடங்கள், குறிப்பாகக் கடலோரத்தையும் நாட்டு எல்லையையும் காட்டுபவை, நெடுங்காலம் கட்டுப்பாட்டிலேயே கிடந்தன. 2009-இல் இஸ்ரோவின் புவன் தளம் வந்தது. கார்ட்டோசாட்-1 எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து கணித்த உயரத் தரவு அதில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடத் தரவு திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி பெற வேண்டும் என்ற நிலையை மாற்றின. ஐந்து மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவிலும் உள்ள செயற்கைக்கோள் படங்கள் எல்லோருக்கும் இலவசம் என்கிறது 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை.

உயரம் என்ற ஒற்றை எண்

வெள்ளத்துக்கான எந்தக் கணக்கும் தரையின் உயரத்தில் தொடங்குகிறது. உலகின் பெரும்பகுதிக்கும் ஒரே சீராக உயரம் அளக்கப்பட்டது 2000 பிப்ரவரியில். எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. அதிலிருந்து நீட்டிய 60 மீட்டர்க் கம்பத்தின் முனையில் ஒரு ரேடார் ஆன்டெனா, விண்ணோடத்துக்குள் இன்னொன்று. இரண்டுக்கும் வந்து சேரும் எதிரொலியின் நுண்ணிய வேறுபாட்டிலிருந்து, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரம் கணக்கிடப்பட்டது. எஸ்.ஆர்.டி.எம். என்று அழைக்கப்படும் இந்தத் தரவை, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நாடுகளுக்கு முதலில் 90 மீட்டர்க் கட்டங்களாகத்தான் கொடுத்தார்கள். 30 மீட்டர்க் கட்டங்கள் 2014-இலிருந்துதான் வெளியாயின.

இந்த 30 மீட்டரை நம்மூர்க் கணக்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். முப்பதுக்கு முப்பது, 900 சதுர மீட்டர். சதுர அடியில் சுமார் 9,690. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்றால், கிட்டத்தட்ட நான்கு கிரவுண்ட். அந்த நான்கு கிரவுண்டுக்குள் ஐந்தாறு வீடுகள், ஒரு தெரு, மழைநீர் வடிகாலில் ஒரு துண்டு, முள் மண்டிய ஒரு காலி மனை எல்லாம் இருக்கலாம். அத்தனைக்கும் சேர்த்துத் தரவில் உள்ளது ஒரே ஓர் உயரம்.

அந்த ஓர் எண்ணும் தரையின் உயரம் அல்ல. ரேடார் அலை முதலில் எதில் படுகிறதோ அதன் உயரத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. மொட்டை மாடியும் தென்னந்தோப்பின் தலையும் தரையாகப் பதிவாகிவிடும். பத்தில் ஒன்பது இடங்களில் பிழை 16 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்பதே அந்தத் திட்டம் வகுத்துக்கொண்ட இலக்கு. நடைமுறையில் பிழை அதைவிடக் குறைவு என்றாலும் சில மீட்டர்கள் இருக்கும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றியுள்ள நிலமே கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் மேலே இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வருமா, வாசல்படியோடு நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிப்பது முழங்கால் அளவு வித்தியாசம். தேட வேண்டிய வித்தியாசத்தைவிட அளவுகோலின் பிழை பெரிது.

இந்தப் பிழை எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு 2019-இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் அமைப்பைச் சேர்ந்தவர்கள், கடலோரங்களில் எஸ்.ஆர்.டி.எம். தரவில் மரமும் கட்டடமும் ஏற்றிவைத்த உயரத்தைக் கணினிக்குக் கற்பித்துக் கழித்தார்கள். கடல்மட்ட உயர்வால் உலகில் பாதிக்கப்படக்கூடிய மக்களின் மதிப்பீடு மும்மடங்கானது. கடலும் மாறவில்லை, மக்களும் இடம்பெயரவில்லை. உயர அட்டவணை மட்டுமே திருத்தப்பட்டது.

பிறகு நல்ல தரவுகள் வந்தன. ஜெர்மனியின் இரட்டை ரேடார் செயற்கைக்கோள்கள் அளந்ததிலிருந்து உருவான கோப்பர்னிக்கஸ் உயரத் தரவு இப்போது 30 மீட்டரில் இலவசம். அதிலிருந்து காடுகளையும் கட்டடங்களையும் கணித்து நீக்கிய பதிப்பை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்டார்கள். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அது இலவசம். இருந்தாலும் கட்டம் அதே நான்கு கிரவுண்ட்தான். சில மீட்டர் அகலமே உள்ள ஏரிக்கரை அதில் கரைந்துபோகும். கரையே தெரியாத கணினி மாதிரி, ஏரித் தண்ணீரை ஊருக்குள் தன்போக்கில் ஓடவிடும். சாலைக்கு அடியில் இருக்கும் கல்வெட்டுப் பாலமும் அதற்குத் தெரியாது. தெருவோ, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீட்டு வாசலைவிட உயர்ந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் அளந்த உயரத்தில் அதற்கு இடமில்லை.

அப்படியானால் இந்தத் தரவு எதற்கு? ஆற்றுப்படுகையின் எல்லையை வரைய. எந்த ஊரில் பெய்யும் மழை எந்த ஆற்றுக்குப் போகிறது, எந்த ஏரி நிரம்பினால் அடுத்து எது நிரம்பும் என்பதை வட்டார அளவில் புரிந்துகொள்ள. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று சங்கிலியாக வழிந்து பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேரும் நீர்வழியை இந்தக் கட்டங்களை வைத்தே வரைந்துவிட முடியும். மனைக்குத் தெரியாததை மண்டலத்துக்குச் சொல்லும் தரவு இது.

ஏரி இருந்த தடம்

இரண்டாவது கேள்வி, அங்கே முன்பு தண்ணீர் நின்றதா என்பது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம், 1984-இலிருந்து 2015 வரை எடுக்கப்பட்ட முப்பது லட்சம் லேண்ட்சாட் படங்களை மாதம் மாதமாக அலசி, உலகின் ஒவ்வொரு 30 மீட்டர்க் கட்டத்திலும் எப்போதெல்லாம் தண்ணீர் தெரிந்தது என்று கணக்கெடுத்தது. 2016-இல் இது வெளியானபோது, அந்தக் காலத்துக்குள் ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்ப்பரப்பு மறைந்துவிட்டது தெரிந்தது. தரவு அதன் பிறகும் புதுப்பிக்கப்பட்டது. இணையத்தில் அந்த வரைபடத்தைத் திறந்து நம் ஊர் ஏரியைப் பெரிதாக்கினால், எப்போதும் நீருள்ள இடம் அடர்நீலமாகவும், எப்போதாவது நீர் நின்ற இடம் வெளிறிய நிறத்திலும் தெரியும். மனை வாங்குகிறவர் அலைபேசியிலேயே பார்க்கக்கூடியது இது.

ஆனால் தமிழ்நாட்டில் இதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். நம் ஏரிகள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில். அந்த மாதங்களில்தான் வானம் மூடிக்கிடக்கும். லேண்ட்சாட்டுக்கு மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சக்தி இல்லை. தை பிறந்து வானம் வெளுத்த பிறகு எஞ்சியிருக்கும் தண்ணீரைத்தான் அது பெரும்பாலும் பதிவுசெய்கிறது. நான்கு நாள் நின்று வடிந்த வெள்ளம் அதில் இல்லாமலே போகலாம். ஆகாயத்தாமரை மூடிய ஏரி தண்ணீராகவே தெரியாது. கோரை மண்டிய சதுப்பும் அப்படித்தான். ஆகவே அந்த வரைபடத்தில் நீலம் இருந்தால் அது உறுதியான எச்சரிக்கை. நீலம் இல்லை என்பது நற்சான்றிதழ் அல்ல.

நிலவகை வரைபடங்களிலும் இதே சிக்கல். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்ட்கவர் வரைபடம் 2020, 2021 ஆண்டுகளுக்கு உலக நிலம் முழுவதையும் பத்து மீட்டர்க் கட்டங்களில் 11 வகைகளாகப் பிரிக்கிறது. மரப்பரப்பு, பயிர்நிலம், கட்டுமானம், நீர், வெற்றுநிலம் இப்படி. ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட ஒரு கண்மாயைச் செயற்கைக்கோள் பார்த்தால் அது மரப்பரப்பு. கோடையில் உள்வாயில் எள்ளோ உளுந்தோ விதைத்திருந்தால் பயிர்நிலம். ஒன்றும் இல்லாமல் வெடித்துக் கிடந்தால் வெற்றுநிலம். மூன்றும் சரியான விடைகளே. அன்றைக்குத் தரையில் இருந்தது அதுதான். ஆனால் அது கண்மாய் என்பதும், மழைக்காலத்தில் தண்ணீர் அதைத் திரும்பக் கேட்கும் என்பதும் அந்தப் பதினொன்றில் எதிலும் வராது. மேலே தெரியும் நிலவகையைச் செயற்கைக்கோள் சொல்லும். அதன் சட்டநிலையையும் பருவ வாழ்க்கையையும் வருவாய்த் துறைப் பதிவேடும் ஊர்க்காரர்களும்தான் சொல்ல முடியும்.

பள்ளிக்கரணைக்கு இன்னொரு தடை, காலம். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு அது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். இந்தச் சுருக்கத்தின் தொடக்கம் செயற்கைக்கோள்களுக்கும் முந்தியது. அந்தப் பழைய எல்லை சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலவரைபடங்களிலும் கிராம வரைபடங்களிலும்தான் இருக்கிறது.

மேகத்துக்கு மேலிருந்து வெள்ளம்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்த எண் செய்தியில் வந்தது. ஆனால் 29,000 கன அடி என்றால் அடையாற்றங்கரையில் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துக்கொள்ள மக்கள் கையில் ஒரு வரைபடமும் இல்லை. அந்த நாட்களில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து ஒரு வரைபடத்தை இணையத்தில் போட்டார்கள். தெருவின் மேல் சொடுக்கினால் அது வெள்ளம் சூழ்ந்த தெருவாகக் குறிக்கப்படும். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் தொடங்கியது. பொதுமக்களே வரைந்து பொதுவில் வைத்திருக்கும் வரைபடம். அது முன்கூட்டியே இருந்ததால்தான் நெருக்கடி நாளில் அதன்மேல் இன்னொரு அடுக்கைச் சேர்க்க முடிந்தது.

வெள்ளம் இருக்கும்போதே வானிலிருந்து பார்க்க ரேடார் வேண்டும். சென்டினல்-1 செயற்கைக்கோள் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு அலைநீளமுள்ள ரேடார் அலையைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவுசெய்கிறது. மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. அலையடிக்காத நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் தெறிக்க விட்டுவிடும். செயற்கைக்கோளுக்கு ஒன்றும் திரும்பாது. அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த இடங்களை எடுத்தால் வெள்ளப் பரப்பு கிடைத்துவிடும். கடலூர், நாகப்பட்டினம் போன்ற சமவெளிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

நகரத்துக்குள் இதே ரேடார் குழம்பிவிடும். தண்ணீரில் பட்டுத் தெறித்த அலை பக்கத்துச் சுவரில் மோதிச் செயற்கைக்கோளுக்கே திரும்பும். கறுக்க வேண்டிய தெரு இன்னும் பளிச்சென்று தெரியும். வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது ரேடார் படம் அதைக் காட்டாமல் போகலாம். நடவுக்காகத் தண்ணீர் கட்டிய தஞ்சாவூர் வயல், வெள்ளம் என்று கணக்கில் வந்துவிடலாம். ஒரு செயற்கைக்கோள் ஒரே பாதையில் திரும்ப வர 12 நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் உச்சத்தில் இருக்கும் மணிநேரத்தில் அது நம் தலைக்கு மேல் இருப்பது தற்செயல்தான்.

மழைத் தரவு இன்னும் பருமனானது. நாசாவின் ஐமெர்க் அரை மணிக்கு ஒருமுறை உலக மழையைக் கணித்துத் தருகிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்ச் சதுரம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணிப் படுகை மிதந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த 95-ஐ நமக்குச் சொன்னது தரையில் இருந்த ஒரு மழைமானி. இப்படிப்பட்ட அதிகனமழையைச் செயற்கைக்கோள் கணிப்புகள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றன. வானத்துத் தரவு எவ்வளவு பெருகினாலும், ஊருக்கு ஒரு மழைமானியும் அதைக் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுதும் ஒருவரும் தேவைப்படுவது இதனால்தான்.

மலைச்சரிவின் கணக்கு

சமவெளியில் சறுக்கும் உயரத் தரவு மலையில் தலைநிமிர்கிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் மூன்று மீட்டர் பிழை பெரிதல்ல. சரிவின் கோணம், நீரோடைகளின் போக்கு, மண்ணின் தன்மை, காடா தோட்டமா கட்டடமா என்ற நிலவகை ஆகியவற்றைப் பழைய நிலச்சரிவுகளின் பட்டியலோடு பொருத்தினால், அடுத்து எங்கே சரியக்கூடும் என்பதைக் கணிக்க முடியும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கு 1:50,000 அளவில் இத்தகைய வரைபடங்கள் தயாராகி, அதன் பூகோஷ் தளத்தில் வைக்கப்பட்டன. இஸ்ரோ 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில் 17 மாநிலங்கள், 147 மாவட்டங்களில் நிகழ்ந்த சுமார் 80,000 சரிவுகள் பதிவாகியுள்ளன.

இந்த வரைபடங்களைப் படிப்பதில் ஓர் அபாயம் உண்டு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சரிவு தொடங்கிய இடம் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதே இடத்தில் முன்பும் சரிவு ஏற்பட்டிருந்ததை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் தன் பழைய படங்களிலிருந்து உறுதிசெய்தது. ஆனால் மக்கள் இறந்தது அந்த உச்சியில் அல்ல. பாறையும் மண்ணும் மரமும் ஆற்றுவழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாய்ந்து வழியில் இருந்த முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அடித்துக்கொண்டு போயின. எங்கே சரியும் என்று காட்டும் வரைபடத்தில் பள்ளத்தாக்கின் சமதரை பாதுகாப்பான நிறத்தில் இருக்கலாம். சரிந்தது எதுவரை ஓடும் என்பது தனிக் கணக்கு. வீடு கட்ட அனுமதி கொடுக்கிறவர் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கையும்தான்.

தெரிந்தும் நடக்காத கதையும் உண்டு. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. பலியானவர்கள் மலையகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்று இலங்கையின் தேசியக் கட்டட ஆய்வு நிறுவனம் முந்தைய ஆண்டுகளிலேயே எச்சரித்திருந்தது. வரைபடம் இருந்தது. குடியேற மாற்று நிலமும் வீடும் கொடுக்கப்படவில்லை. இடம்பெயரச் சொல்வதற்கு முன்னால் எங்கே போவது என்பதற்கு விடை இல்லாவிட்டால், எவ்வளவு துல்லியமான தரவும் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும்.

சர்வே எண்ணில் முட்டும் தரவு

நிலம் பற்றிய முடிவுகள் பிக்சலில் எடுக்கப்படுவதில்லை. சர்வே எண்ணில் எடுக்கப்படுகின்றன. பட்டா கொடுப்பது, வகைமாற்றம் செய்வது, லேஅவுட்டுக்கு ஒப்புதல் தருவது, ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டுவது எல்லாமே புல எண்ணை வைத்துத்தான். செயற்கைக்கோள் தரவும் சர்வே எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால்தான் திட்டமிடல் தொடங்கும்.

தமிழ்நாட்டில் அ-பதிவேடும் புலப்படமும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன, நல்ல விஷயம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தால் அந்த ஒரு துண்டு நிலத்தின் படம் வரும். ஆனால் ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்பில் உள்ள எல்லாப் புல எண்களையும் ஒரே தரவாக இறக்கி, வெள்ளப் பரப்பின் மேல் பொருத்திப் பார்க்கச் சாதாரணக் குடிமகனுக்கோ ஒரு கல்லூரி மாணவருக்கோ வழியில்லை. ஜன்னல் வழியே பார்க்க விடுவது வேறு. கதவைத் திறப்பது வேறு. புலப்படம் பக்க அளவுகளைச் சொல்லும். பூமியில் அதன் இடம் எது என்று அட்சரேகை, தீர்க்கரேகையில் சொல்லாது. கணக்கில் ஏரி புறம்போக்கு என்று இருக்கும் நிலம் படத்தில் எங்கே என்பதை அறிய, சர்வேயர் சங்கிலியோடு வந்து கல்லைத் தேட வேண்டியிருக்கிறது.

மழைநீர் வடிகாலின் அடிமட்டம், கல்வெட்டுப் பாலத்தின் அகலம், கலங்கலின் உயரம், கடந்த வெள்ளங்களில் எந்தக் கட்டடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்ற குறிப்பு ஆகியவை ஏதாவது ஒரு துறையின் கோப்பில் இருக்கின்றன. பொதுப்பணி, நெடுஞ்சாலை, ரயில்வே, மாநகராட்சி என்று ஆளுக்கொரு துண்டு. மக்கள்தொகைக்கோ 2011 கணக்கெடுப்பையே இன்னும் நம்பியிருக்கிறோம். கூகுள் 2023-இல் தெற்காசியாவையும் சேர்த்து வெளியிட்ட கட்டட வெளிக்கோடுகளின் எண்ணிக்கை 180 கோடி. அதாவது, ஓர் ஏரியின் வயிற்றுக்குள் எத்தனை கூரைகள் இருக்கின்றன என்று அமெரிக்க நிறுவனத்தின் தரவை வைத்து எண்ணிவிடலாம். அந்த ஏரியின் சட்டபூர்வ எல்லையை நம் அரசிடமிருந்து தரவாகப் பெறுவதுதான் கடினம்.

எந்த வேலைக்கு எந்தத் தரவு

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த நிலத்தில் பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும் மேய்ச்சலும்தான். திறந்த தரவு தன் முழு மதிப்பையும் காட்டக்கூடிய களம் இது. எந்த ஏரிச் சங்கிலியை உடைக்கக் கூடாது, எந்தத் தாழ்நிலத்தை மழைக்காகவே விட்டுவைக்க வேண்டும், எந்த நீர்வழியின் குறுக்கே நெடுஞ்சாலை போனால் எத்தனை கண் பாலம் வேண்டும் என்ற கேள்விகளுக்கு பத்து மீட்டர், முப்பது மீட்டர்க் கட்டங்கள் தாராளமாகப் போதும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும் ஒரு நடுத்தர மடிக்கணினியும் இருந்தால், கல்லூரி மாணவர்களே ஒரு வட்டத்துக்கான முதல் வரைவைப் போட்டுவிடலாம்.

மனைப்பிரிவு போட்டு, கல் நட்டு, வீடு எழும்பிய பிறகு அதே தரவுக்கு வேலை குறைவு. அப்போது தேவைப்படுவது அங்குலக் கணக்கு. அதற்கு விமானத்திலிருந்து லேசர் கொண்டு எடுக்கும் அளவீடும், வடிகால் மட்டங்களும், தெருவாரியான வெள்ளக் குறிப்புகளும் வேண்டும். பொதுப்பணத்தில் எடுக்கப்படும் இந்த அளவீடுகள் ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைக்குள் படமாக முடங்கிவிடாமல், தரவாகவே வெளியே வர வேண்டும். வெளியானால் தவறு கண்டுபிடிப்பார்கள் என்று அதிகாரிகள் தயங்குவது தெரிந்ததே. கண்டுபிடித்துத் திருத்தப்பட்ட வரைபடம்தான் அடுத்த மழையில் உதவும்.

2025 ஜூலை 30 அன்று, வயநாட்டுச் சரிவு நடந்து சரியாக ஓராண்டில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 நாளுக்கு ஒரு சுற்றில் பூமியின் நிலப்பரப்பை அளக்கும் அதன் நீண்ட அலை ரேடார், இலைத்தழைக்கு ஊடே தரையின் நுண்ணிய அசைவையும் காணக்கூடியது. அதன் தரவும் எல்லோருக்கும் இலவசம் என்பதே திட்டம். வானத்திலிருந்து இனி வர வேண்டியது அதிகமில்லை. மிச்சம் இருப்பது தரையில்.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று. ஒவ்வொரு ஏரி, குளம், கால்வாய், ஓடைப் புறம்போக்கின் எல்லையையும் பூமியின் ஆயங்களோடு இறக்கிக்கொள்ளும் தரவாக அரசு வெளியிட வேண்டும். மனைப்பிரிவு ஒப்புதலோடு, அந்த நிலத்தின் வெள்ள வரலாறு என்ற ஒரு தாளையும் இணைப்பது கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தெருவாரியாகத் தண்ணீர் ஏறிய உயரத்தைக் குறித்து ஊராட்சியிலும் மாநகராட்சியிலும் பொதுப் பதிவாக வைக்க வேண்டும். மூன்றாவதற்கு அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய மட்டத்தைச் சுவரில் தேதியோடு கோடு போட்டு, படம் எடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தெருவின் கல்வெட்டுப் பாலத்தையும் வாய்க்காலையும் வரைந்து வையுங்கள். எந்தச் செயற்கைக்கோளாலும் தர முடியாத தரவு அது.